10 மில்லிகிராம் ஆர்.என்.ஏ., 120 மில்லிகிராம் கொழுப்பு: பாட்டிசிரான் மருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பாட்டிசிரான் மருந்துக் குப்பி ஒன்றில் 5 மில்லி திரவம் இருக்கும். அதில் மருந்து என்று சொல்லத்தக்க ஆர்.என்.ஏ. 10 மில்லிகிராம். அதைச் சுற்றியிருக்கும் நான்கு வகைக் கொழுப்புப் பொருள்களையும் கூட்டினால் சுமார் 120 மில்லிகிராம். பன்னிரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு.

2018 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி கொடுத்தது. ஆர்.என்.ஏ. குறுக்கீடு (ஒரு மரபணுவை ஆர்.என்.ஏ. துண்டால் அடக்குவது) என்ற முறையில் வேலை செய்யும் முதல் மருந்து என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. பெயர் சரிதான். ஆனால் அந்த 10 மில்லிகிராமுக்குத் தேவையான அடிப்படை அறிவியல் 2001-லேயே கையில் இருந்தது. இடைப்பட்ட காலத்தில் பெரும்பகுதியைத் தின்றது மீதி 120 மில்லிகிராம். அந்தக் கொழுப்பு ஆர்.என்.ஏ.-வைப் பொதிந்து நிற்கும் நுண்ணிய உருண்டைதான் லிப்பிட் நானோ துகள். கோவிட் தடுப்பூசி வந்த பிறகு அந்தச் சொல் எல்லோருக்கும் பழகிவிட்டது. ஏதோ 2020-ல் அவசரத்துக்குச் செய்த பொருள் என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக்கொண்டது. அந்த எண்ணத்தைக் கழற்ற பாட்டிசிரான் கதையைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நோய்

பாட்டிசிரான் குறிவைக்கும் டிரான்ஸ்தைரெடின் என்பது ரத்தத்தில் சுற்றும் ஒரு புரதம். தைராய்டு ஹார்மோனில் ஒரு பங்கையும், வைட்டமின் ஏ-வைத் தாங்கும் இன்னொரு புரதத்தையும் சுமந்து திரியும். நான்கு ஒரே மாதிரித் துண்டுகள் சேர்ந்து நிற்கும் அமைப்பு அது. மரபணுவில் ஓர் எழுத்து மாறினால்கூட அந்த நான்கும் எளிதில் பிரிந்துவிடும். பிரிந்த துண்டுகள் மடிப்புக் கலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அமிலாய்டு எனப்படும் கரையாத படிவாக நரம்புகளிலும் இதயத் தசையிலும் சேரும். இப்படிப்பட்ட மாற்றங்கள் நூற்றுக்கு மேல் கண்டறியப்பட்டிருக்கின்றன. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

போர்ச்சுகலின் வடக்குக் கடற்கரையில் போவா டி வர்சிம் வட்டார மீனவக் குடும்பங்களில் இது தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தது. போர்ட்டோவைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் கொரினோ டி ஆன்ட்ராடே 1952-ல் இதை ஒரு தனி நோயாக விவரித்து எழுதினார். அங்கே பெரும்பாலும் முப்பதையொட்டிய வயதில் ஆரம்பிக்கும். முதலில் கால்விரல் மரத்துப்போகும். சூடு உறைக்காது, சுட்ட இடம் புண்ணாகும். அப்புறம் மரப்பு மேலே ஏறும், நடை தள்ளாடும். தன்னியக்க நரம்புகளும் கெடுவதால் வயிற்றுப்போக்கும் மலச்சிக்கலும் மாறி மாறி வரும், எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சரியும், உடம்பு கரைந்துகொண்டே போகும். சிகிச்சை இல்லாவிட்டால் தொடங்கி சுமார் பத்து வருடத்தில் முடிந்துவிடும். சுவீடனின் வடபகுதியிலும் ஜப்பானின் சில ஊர்களிலும் இதே மாற்றம் கொத்துக் கொத்தாகக் காணப்படுகிறது.

இந்த நோயில் ஒரு விஷயம் முக்கியம். கேடு தெரிவது காலில், வயிற்றில், இதயத்தில். ஆனால் ரத்தத்தில் ஓடும் டிரான்ஸ்தைரெடினில் மிகப் பெரும்பகுதியைச் செய்வது கல்லீரல். அதனால்தான் 1990-ல் சுவீடனில் இந்த நோய்க்குக் கல்லீரல் மாற்று அறுவையைத் தொடங்கினார்கள். மாறிய மரபணு உள்ள கல்லீரலை எடுத்துவிட்டால் கெட்ட புரதத்தின் ஊற்று நின்றுவிடும். எடுத்த கல்லீரல் மற்றபடி நன்றாகவே இருக்கும் என்பதால் அதைக் கல்லீரல் புற்றுநோய் போன்றவற்றால் காத்திருக்கும் இன்னொருவருக்கு வைத்த வழக்கமும் உண்டு. படிவு சேர இருபது, முப்பது வருடம் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள்; வாங்கியவர்களில் சிலருக்கு அதைவிடச் சீக்கிரமே நோய் வந்தது.

ஆக, ஒரு மருந்து கல்லீரலுக்குள் மட்டும் போய் ஒரே ஒரு புரதத்தின் உற்பத்தியை அடைத்தால் போதும் என்பது அறுவை மருத்துவர்கள் வழியாகவே தெரிந்துவிட்டது. ஆர்.என்.ஏ. மருந்துக்காரர்கள் இந்த நோயைத் தேடி வந்ததற்கு அதுதான் காரணம். இது நோயாளிகள் மீது இரக்கப்பட்டு மட்டும் எடுத்த முடிவு இல்லை. அன்றைய நிலையில் அவர்களால் போகத் தெரிந்த ஒரே உறுப்பு கல்லீரல்தான்.

சரக்கு தயார், வழி இல்லை

1998-ல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் புழு ஒன்றில் இரட்டை இழை ஆர்.என்.ஏ.-வைச் செலுத்தினால் அதே வரிசையுள்ள மரபணு அடங்கிவிடுகிறது என்று காட்டினார்கள். 2006-ல் நோபல் பரிசு. 2001-ல் ஜெர்மனியில் தாமஸ் டுஷ்லின் குழு, 21 எழுத்து நீளமுள்ள சின்னத் துண்டுகளைப் பயன்படுத்தினால் பாலூட்டிகளின் செல்லிலும் இது நடக்கும் என்று காட்டியது. அந்தத் துண்டுக்கு எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. என்று பெயர். செல்லுக்குள் இருக்கும் ஒரு புரதக் கூட்டம் அதன் ஓர் இழையை எடுத்து வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் எம்.ஆர்.என்.ஏ.-வை (புரதம் செய்யும் கட்டளையைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.) தேடித் தேடி வெட்டும். ஒன்றை வெட்டியதும் அடுத்ததற்குப் போகும். ஒரு துண்டு பல நாள் வேலை செய்யும் என்பதுதான் இதன் பலம்.

2002-ல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், பின்னாளில் பாட்டிசிரானை உருவாக்கிய அல்நைலம் என்ற நிறுவனம் தொடங்கியது. பெரிய நிறுவனங்களும் குதித்தன. 2006-ல் மெர்க் நிறுவனம் சிர்னா என்ற சிறு நிறுவனத்தை 110 கோடி டாலருக்கு வாங்கியது. 2010-ல் ரோஷ் இந்தத் துறையை விட்டே விலகியது. 2014-ல் மெர்க், தான் வாங்கிய அதே சிர்னாவை அல்நைலத்துக்கு விற்றபோது கிடைத்தது சுமார் 17.5 கோடி டாலர், அதிலும் பெரும்பகுதி பங்குகளாக. அந்த விலைச் சரிவிலேயே நிலவரம் தெரியும்.

காரணம் எளிது. எஸ்.ஐ.ஆர்.என்.ஏ.-வை அப்படியே நரம்பில் ஏற்றினால் ரத்தத்தில் உள்ள நொதிகள் அதை நறுக்கிவிடும். தப்பியது சிறுநீரகம் வழியாக வெளியே போய்விடும். அதையும் தாண்டி ஒரு செல்லை எட்டினாலும், உடம்பெல்லாம் எதிர்மின்னூட்டம் கொண்ட இந்த மூலக்கூறால் கொழுப்பாலான செல் சவ்வைக் கடக்க முடியாது. போதாக்குறைக்கு, வெளியிலிருந்து வரும் ஆர்.என்.ஏ.-வை வைரஸ் என்று நினைத்து நோயெதிர்ப்பு மண்டலம் வேறு கொந்தளிக்கும்.

நேர்மின்னூட்டம் கொண்ட கொழுப்பில் பொதிந்தால் என்ன? ஆய்வகத் தட்டில் வளரும் செல்களுக்கு அது பழைய உத்தி, நன்றாகவே வேலை செய்யும். ரத்தத்தில் விட்டால் கதை மாறும். நிரந்தரமாக நேர்மின்னூட்டம் உள்ள துகள், எதிரில் வரும் புரதம், ரத்த அணு என்று எல்லாவற்றிலும் ஒட்டும், நஞ்சாகவும் ஆகும். உள்ளே போட மின்னூட்டம் வேண்டும், ரத்தத்தில் மின்னூட்டம் கூடாது, செல்லுக்குள் போனதும் மறுபடி வேண்டும். ஒரே பொருளிடம் இந்த மூன்றையும் கேட்டாக வேண்டும்.

ஒரு நைட்ரஜன் அணுவின் விவகாரம்

இதற்கு விடை கனடாவின் வான்கூவரில் இருந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பீட்டர் கல்லிஸ் 1980-களிலிருந்தே கொழுப்புக் குமிழிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவரும், அவரிடமிருந்து கிளைத்த சிறு நிறுவனங்களில் இருந்தவர்களும் கையில் எடுத்தது, சூழலைப் பொறுத்து மின்னூட்டம் மாறும் கொழுப்பு. அதன் தலையில் ஓர் அமைன், அதாவது ஒரு நைட்ரஜன் அணு. அமிலச் சூழலில் அது புரோட்டானைப் பிடித்து நேர்மின்னூட்டம் பெறும். நடுநிலைச் சூழலில் விட்டுவிடும்.

எவ்வளவு அமிலத்தில் பாதி மூலக்கூறுகள் மின்னூட்டம் பெறும் என்பதைச் சொல்லும் எண் பி.கே.ஏ. இந்த ஆய்வில் மற்ற எதை மறந்தாலும் இந்த எண்ணை மறக்கக் கூடாது. ரத்தத்தின் பி.எச். 7.4. செல் விழுங்கியதை வைத்துக்கொள்ளும் எண்டோசோம் என்ற பையின் உட்புறம் அமிலமாகிக்கொண்டே போய் 5.5 வரை இறங்கும். கொழுப்பின் பி.கே.ஏ. 6.4 என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் ரத்தத்தில் சுமார் பத்தில் ஒரு மூலக்கூறுதான் மின்னூட்டத்தோடு இருக்கும். எண்டோசோமில் பத்தில் ஒன்பது. ரத்தத்தில் சாது, பைக்குள் போனதும் எதிர்மின்னூட்டம் கொண்ட எண்டோசோம் சவ்வோடு ஒட்டிக்கொண்டு அதன் அடுக்கைக் குலைத்துவிடும்.

இது தற்செயலாகக் கிடைத்த எண் இல்லை. கல்லிஸ் தரப்பும் அல்நைலமும் சேர்ந்து தலைப்பகுதியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிய ஏராளமான கொழுப்புகளைச் செய்து, ஒவ்வொன்றையும் எலியில் சோதித்தார்கள். அளவுகோலாக எடுத்தது ரத்தம் உறையத் தேவையான ஏழாம் காரணி என்ற புரதம். அதைக் கல்லீரல் செய்கிறது, ரத்தத்துளியில் அளந்துவிடலாம், எலியைக் கொல்ல வேண்டியதில்லை. 2012-ல் வெளியான கட்டுரையில் முடிவு தெளிவாக இருந்தது. பி.கே.ஏ. 6.2-க்கும் 6.5-க்கும் இடையே இருந்தால் மருந்து அபாரமாக வேலை செய்கிறது. இரண்டு பக்கமும் விலகினால் படுத்துவிடுகிறது. எல்லாவற்றிலும் சிறந்ததாக வந்தது டி-லின்-எம்.சி.3-டி.எம்.ஏ.; சுருக்கமாக எம்.சி.3. பி.கே.ஏ. 6.44. எலியில் கிலோவுக்கு 0.005 மில்லிகிராம் ஆர்.என்.ஏ. போதும், இலக்குப் புரதம் பாதியாகிவிட்டது.

அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் முத்துசாமி ஜெயராமன். அல்நைலத்தின் மருந்து வேதியியலை வழிநடத்திய முத்தையா மனோகரன் மதுரைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். தமிழ்ப் பெயர் கண்ட இடத்திலெல்லாம் மார்தட்டுவது எனக்கு ஒத்துவராது. ஆனால் இந்தத் துறையின் மிக அதிகமாகப் புரட்டப்பட்ட பக்கங்களில் ஒன்றில் இவர்கள் பெயர் இருப்பதை நம் ஊடகங்கள் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. சரி, விஷயத்துக்கு வருவோம்.

எம்.சி.3-இன் வாலிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சூரியகாந்தி எண்ணெயில் உள்ள லினோலெயிக் அமிலத்தின் வால் போன்ற இரண்டு சங்கிலிகள் அதற்கு. ஒவ்வொன்றிலும் இரண்டு இரட்டைப் பிணைப்பு. அதனால் வால் நேராக நில்லாமல் வளைந்து அகலமாக இடம் பிடிக்கும். தலை சிறுத்து வால் பெருத்த இந்த வடிவம் எண்டோசோம் சவ்வின் கொழுப்போடு சேரும்போது, இரட்டை அடுக்காக நிற்க முடியாமல் சவ்வு கிழிகிறது. ஆர்.என்.ஏ. வெளியே வருவது அந்தக் கிழிசல் வழியாகத்தான்.

செய்முறை

துகளைச் செய்யும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்பது நல்லது. ஒரு குழாயில் எத்தனால்; அதில் நான்கு கொழுப்புகளும் கரைந்திருக்கும். இன்னொரு குழாயில் பி.எச். 4 அளவுக்கு அமிலமாக்கிய நீர், அதில் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. இரண்டும் குறுகலான ஒரு சந்திப்பில் வேகமாக மோதிக் கலக்கும். வாளித் தண்ணீரில் ஃபினாயில் ஊற்றினால் சட்டென்று வெள்ளை படருமே, ஏறக்குறைய அந்த வேலைதான்: கரைந்திருந்த பொருள் தண்ணீரைப் பார்த்ததும் கரைசலில் நிற்க முடியாமல் துளிகளாகத் திரள்கிறது. வித்தியாசம் என்னவென்றால் இங்கே துளி எல்லாம் ஒரே அளவாக, 100 நானோமீட்டருக்குள் நிற்க வேண்டும்.

பி.எச். 4-ல் எம்.சி.3 முழுக்க நேர்மின்னூட்டத்தோடு இருக்கும். எதிர்மின்னூட்டம் கொண்ட ஆர்.என்.ஏ.-வை அது கவ்விக்கொள்ளும். எத்தனால் நீர்த்துப்போகும்போது கொழுப்புகள் அதைச் சுற்றி ஒடுங்கும். பிறகு எத்தனாலை நீக்கி, பி.எச்.-ஐ நடுநிலைக்குக் கொண்டுவருவார்கள். இப்போது எம்.சி.3 மின்னூட்டத்தை இழந்துவிடும். ஆனால் ஆர்.என்.ஏ. ஏற்கெனவே உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும். கலக்கும் வேகம் குறைந்தால் துகள் பெருத்துவிடும். அளவும் சீராக வராது. ஆய்வகத்தில் சில மில்லி செய்வதும் ஆலையில் பல லிட்டர் செய்வதும் வேறு வேறு தொழில் என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்வது இதனால்தான்.

மூலக்கூறு எண்ணிக்கையில் கலவை இப்படி: எம்.சி.3 50 சதவீதம், கொலஸ்ட்ரால் 38.5, டி.எஸ்.பி.சி. என்ற பாஸ்போலிப்பிட் 10, பாலிஎத்திலீன் கிளைக்கால் கோத்த கொழுப்பு 1.5. கொலஸ்ட்ராலும் டி.எஸ்.பி.சி.-யும் துகளுக்குக் கட்டுக்கோப்பு தருகின்றன. அந்த ஒன்றரை சதவீதம்தான் விவரமான ஆள். பாலிஎத்திலீன் கிளைக்கால் வெளிப்புறம் நீர்ப்போர்வையாக நின்று, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் அளவைக் கட்டுப்படுத்தும். குப்பிக்குள் இருக்கும்வரை அது இருந்தே ஆக வேண்டும். உடம்புக்குள் போனபின் கழன்றுவிட வேண்டும். அதனால் அதற்கு வேண்டுமென்றே 14 கார்பன் நீளக் குட்டை வால் வைத்தார்கள். பிடிமானம் குறைவு, ரத்தத்தில் தானாக உதிரும். 18 கார்பன் வால் வைத்தால் போர்வை கழலாமல் துகள் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், செல்லுக்குள் போகாது.

போர்வை கழன்ற இடத்தில் ஏ.பி.ஓ.-இ என்ற ரத்தப் புரதம் வந்து ஒட்டிக்கொள்ளும். அது உடம்பில் கொலஸ்ட்ரால் துகள்களைக் கல்லீரலுக்கு அழைத்துப் போகும் புரதம். நம் துகளையும் அப்படி ஒன்று என்று எண்ணிக் கல்லீரல் செல் தன் எல்.டி.எல். ஏற்பி வழியாக விழுங்கிவிடும். 2010-ல் அல்நைலத்தைச் சேர்ந்தவர்கள் ஏ.பி.ஓ.-இ இல்லாத எலிகளில் இதைச் சோதித்தபோது மருந்து வேலை செய்யவில்லை. அந்தப் புரதத்தைத் துகளோடு கலந்து கொடுத்ததும் வேலை செய்தது. கல்லீரலுக்குப் போகும்படி யாரும் இந்தத் துகளை வடிவமைக்கவில்லை. உடம்பே அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

அங்கே போனபிறகும் வீண்தான் அதிகம். 2013-ல் டிரெஸ்டனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்ததில், எண்டோசோமிலிருந்து செல்லின் உட்புறத்துக்குத் தப்பி வருவது 1 முதல் 2 சதவீதம் ஆர்.என்.ஏ.-தான் என்று தெரிந்தது. மற்றதெல்லாம் பைக்குள்ளேயே செரித்துப்போகிறது. வந்த கொஞ்சமே வாரக்கணக்கில் வேலை செய்வதால் பிழைப்பு ஓடுகிறது.

மனிதரில்

இந்த நிகழ்வில் எனக்கு மிகப் பிடித்த பகுதி 2013-ல் தெரெசா கொய்லோவை முதல் ஆசிரியராகக் கொண்டு வெளியான மனிதச் சோதனை. ஒரே எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. இரண்டு துகள். ஒன்றில் பழைய தலைமுறைக் கொழுப்பு, மற்றதில் எம்.சி.3. பழைய துகளில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் கொடுத்தபோது, ஏழாம் நாளில் டிரான்ஸ்தைரெடின் சராசரியாக 38 சதவீதம் குறைந்தது. எம்.சி.3 துகளில் 0.15 முதல் 0.3 மில்லிகிராம் மட்டுமே கொடுத்து 82 முதல் 87 சதவீதம் குறைந்தது. முதலாவது நோயாளிகளிடமும் இரண்டாவது ஆரோக்கியமானவர்களிடமும் சோதிக்கப்பட்டது என்பதால் தராசில் வைத்து நிறுக்கும் ஒப்பீடு இல்லைதான். இருந்தாலும் சரக்கை மாற்றாமல் கொழுப்பை மட்டும் மாற்றி இவ்வளவு வித்தியாசம் காட்டிய மனிதத் தரவு வேறெங்கும் இவ்வளவு பளிச்சென்று கிடைக்காது.

இதன் பிறகு வந்தது அப்போலோ என்ற மூன்றாம் கட்டச் சோதனை. 225 நோயாளிகள், 148 பேருக்கு மருந்து, 77 பேருக்கு மருந்தில்லாத டிரிப். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, 18 மாதம். நரம்புச் சேதத்தை அளக்கும் மதிப்பெண் ஒன்று உண்டு, கூடினால் மோசம். மருந்தில்லாதவர்களுக்கு அது சராசரியாக 28 புள்ளி ஏறியது. மருந்து பெற்றவர்களுக்கு 6 புள்ளி இறங்கியது. இந்த நோயில் ஏறாமல் நின்றாலே வெற்றி என்று எண்ணியிருந்தார்கள். மருந்து பெற்றவர்களில் 56 சதவீதம் பேருக்கு மதிப்பெண் குறைந்தது, மற்றவர்களில் 4 சதவீதம் பேருக்கு. நடை வேகத்திலும் வித்தியாசம் தெரிந்தது. முடிவுகள் 2018 ஜூலையில் வெளியாயின, அடுத்த மாதம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி.

இடையில் ஒரு பெரிய அடி விழுந்தது. அல்நைலம் அதே புரதத்துக்கு எதிராக ரெவுசிரான் என்ற இன்னொரு மருந்தையும் வளர்த்து வந்தது. அதில் கொழுப்பே கிடையாது. ஆர்.என்.ஏ.-வின் நுனியில் ஒரு சர்க்கரையைக் கோத்து, கல்லீரல் செல்லின் வேறொரு ஏற்பி வழியாக நுழைக்கும் உத்தி. தோலுக்கடியில் போடும் சாதாரண ஊசி. எதிர்காலம் அதுதான் என்று பலரும் நம்பினார்கள். 2016 அக்டோபரில் இதய பாதிப்பு உள்ளவர்களிடம் நடந்த அதன் மூன்றாம் கட்டச் சோதனை நிறுத்தப்பட்டது. மருந்து பெற்ற 140 பேரில் 18 பேரும், மருந்து பெறாத 66 பேரில் 2 பேரும் இறந்திருந்தார்கள். காரணத்தைத் துருவியும் மருந்துதான் என்று உறுதியாகச் சொல்லும்படி எதுவும் சிக்கவில்லை. கம்பெனியின் பங்கு ஒரே நாளில் ஏறக்குறைய பாதியானது. பழசு என்று ஒதுக்கப்படவிருந்த கொழுப்புத் துகள்மீதே எல்லாப் பாரமும் வந்து விழுந்தது.

டிரிப் ஏற்றும் நாள்

மருந்து நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் நோயாளிக்கு அது லேசான காரியம் இல்லை. டிரிப்புக்கு ஒரு மணி நேரம் முன்பே டெக்சாமெதாசோன் 10 மில்லிகிராம் நரம்பு வழியாக, பாராசிட்டமால் 500 மில்லிகிராம் வாய் வழியாக, இரண்டு விதமான ஹிஸ்டமின் தடுப்பு மருந்துகள் நரம்பு வழியாக. துகளைக் கண்டு உடம்பு மிரளாமல் இருக்கத்தான் இத்தனையும். குப்பியிலிருந்து எடுத்த மருந்தை வடிகட்டி, உப்புநீரில் 200 மில்லியாக்குவார்கள். குழாய்கூட எதை வேண்டுமானாலும் மாட்ட முடியாது. சிலவகை பிளாஸ்டிக்கில் மென்மைக்காகச் சேர்க்கும் வேதிப்பொருள் கொழுப்பில் கரைந்து வரும் என்பதால் அது இல்லாத குழாய் வேண்டும். முதல் 15 நிமிடம் நிமிடத்துக்கு 1 மில்லி. ஒன்றும் ஆகவில்லை என்றால் நிமிடத்துக்கு 3 மில்லி. மொத்தம் சுமார் 80 நிமிடம். முகம் சிவத்தல், முதுகுவலி, குமட்டல், மூச்சு வாங்குதல் ஏதாவது வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அப்போலோவில் 19 சதவீதம் பேருக்கு இப்படி வந்தது. மருந்தில்லாத டிரிப்பிலும் 9 சதவீதம்.

வைட்டமின் ஏ-வைச் சுமக்கும் வேலையும் குறைந்துவிடுவதால் தினமும் அந்த வைட்டமினை மாத்திரையாக எடுக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டு, ஆயுள் முழுக்க. 2018-ல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை வருடத்துக்கு 4,50,000 டாலர். தள்ளுபடி போகச் சராசரி 3,45,000 என்று நிறுவனம் சொன்னது. சில ஆயிரம் பேருக்கான மருந்து என்றால் இப்படித்தான் விலை வைப்பார்கள் என்ற வாதம் எனக்குத் தெரியும். அது விளக்கமாக இருக்கலாம், நியாயமாகிவிடாது.

யாருடைய துகள்?

வழக்கும் உண்டு. கல்லிஸ் வழி வந்த நிறுவனங்களில் ஒன்றான டெக்மிரா, தன் தொழில் ரகசியங்களை அல்நைலம் தவறாகப் பயன்படுத்தியதாக 2011-ல் வழக்குத் தொடுத்தது. 2012 நவம்பரில் அல்நைலம் 6.5 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்து வழக்கு முடிந்தது. இந்தச் சண்டையில் இழுபட்ட அல்கானா என்ற வான்கூவர் குழுதான் பிறகு அக்யூட்டாஸ் ஆனது. ஃபைசர், பயோஎன்டெக் கோவிட் தடுப்பூசியின் துகள் அக்யூட்டாஸ் வழியாக வந்தது. மாடர்னா தடுப்பூசியில் கொழுப்பு வேறு, ஆனால் மூலக்கூறு விகிதம் அதே 50, 10, 38.5, 1.5. இரண்டிலும் எம்.சி.3 கிடையாது, அது கல்லீரலில் மெதுவாகத்தான் கரையும் என்பதால், வேலை முடிந்ததும் உடையும்படி வாலில் எஸ்டர் பிணைப்புகள் வைத்த புதிய கொழுப்புகள் வந்தன. தடுப்பூசிக்கு இன்னொரு சௌகரியமும் இருந்தது. கைத்தசையில் போட்டு, அங்கும் பக்கத்து நிணநீர்க் கணுக்களிலும் கொஞ்சம் செல்கள் எடுத்துக்கொண்டால் போதும். எந்த உறுப்பு என்ற கேள்வியே எழவில்லை.

பாட்டிசிரானின் சொந்தக் களத்தில் நடந்தது வேறு. ரெவுசிரானில் தோற்ற சர்க்கரை உத்தி வேதியியல் மெருகேறித் திரும்பி வந்தது. ரெவுசிரானை வாரம் 500 மில்லிகிராம் போட வேண்டியிருந்தது. அதன் வாரிசான வுட்ரிசிரான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 25 மில்லிகிராம். தோலுக்கடியில் ஓர் ஊசி, ஸ்டீராய்டு வேண்டாம், 80 நிமிடம் படுக்க வேண்டாம். 2022 ஜூனில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. இதய பாதிப்புக்கும் பாட்டிசிரானை விரிக்கக் கேட்டபோது ஆலோசகர் குழு 9-க்கு 3 என்று ஆதரித்தும், 2023 அக்டோபரில் அமெரிக்க நிர்வாகம் மறுத்துவிட்டது. 2025-ல் அந்த அனுமதியை வுட்ரிசிரான் வாங்கியது. கல்லீரலுக்கு எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. அனுப்ப இனி கொழுப்புத் துகள் தேவையில்லை என்பதே என் கணிப்பு. எம்.ஆர்.என்.ஏ. போன்ற நீளமான சரக்குக்குத்தான் அது கட்டாயம். அவ்வளவு பெரிய மூலக்கூறை ஒரு சர்க்கரை நுனியால் இழுத்துக்கொண்டு உள்ளே போக முடியாது.

அதற்கும் உதாரணம் இதே நோயில் கிடைக்கிறது. 2021-ல் லண்டனிலும் நியூசிலாந்திலும் ஆறு நோயாளிகளுக்கு, டிரான்ஸ்தைரெடின் மரபணுவையே வெட்டும் கிரிஸ்பர் கருவியை எம்.ஆர்.என்.ஏ. வடிவில் லிப்பிட் துகளில் வைத்து ஏற்றினார்கள். கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் பெற்றவர்களுக்கு 28-ஆம் நாளில் புரதம் சராசரியாக 87 சதவீதம் குறைந்தது. ஒரே ஒரு தவணை. முன்கூட்டியே ஸ்டீராய்டும் ஹிஸ்டமின் தடுப்பும் இதிலும் உண்டு. 2025 அக்டோபரில் இதன் பெரிய சோதனைகளில் ஒரு நோயாளிக்குக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டதால் அவை நிறுத்தி வைக்கப்பட்டன. கல்லீரலுக்குப் போவது இப்படி இன்னொரு விதத்திலும் பார்க்க வேண்டிய விஷயம்: துகளோ சரக்கோ ஏதாவது தகராறு செய்தால் அதையும் கல்லீரல்தான் தாங்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. டிரான்ஸ்தைரெடினைக் கல்லீரல் மட்டும் செய்வதில்லை. விழித்திரையின் நிறமி அடுக்கும், மூளைக்குள் திரவம் சுரக்கும் திசுவும் கொஞ்சம் செய்கின்றன. ரத்தத்தில் ஏற்றும் துகள் அந்த இரண்டு இடத்துக்கும் போவதில்லை. கல்லீரல் மாற்றிக்கொண்டவர்களுக்கும் பல வருடம் கழித்துக் கண்ணுக்குள் படிவு சேர்ந்து பார்வை மங்கியதை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். கல்லீரலை மட்டும் அடைக்கும் மருந்துகளும் அந்தப் பகுதியைத் தொடுவதில்லை. அதனால் காலில் உணர்வு திரும்பி நன்றாக நடக்கிறவர்களும் கண் பரிசோதனைக்குத் தவறாமல் போய்க்கொண்டிருக்க வேண்டும். படிவு பார்வையை மறைத்தால் கண்ணுக்குள் இருக்கும் கூழ்மத்தை அறுவை செய்து எடுப்பதுதான் வழி.